இலைத்துளையும் அதன் பெயர்களும்: ஓர் அறிவியல் வரலாறு

0. முன்னுரை

இலையின் புறத்தோலில் வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய திறப்புகள் பல உள்ளன. தமிழகப் பாடநூல்கள் இவற்றை இலைத்துளைகள் என்கின்றன; இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இலைவாய்கள் என்கின்றன. ஒரு பொருளுக்கு இரு சொற்கள் வழங்குவது தமிழ்க் கலைச்சொல் வழக்கில் புதிதன்று. எனினும் இவ்விரு சொற்களும் வெறும் இடவழக்கு வேறுபாட்டைக் காட்டுவன அல்ல. இத்திறப்பு தோலிலுள்ள துளையா, வாயா, மூக்கா, வாயிலா என்னும் கேள்வி 17ஆம் நூற்றாண்டு முதல் தாவரவியலாரின் சிந்தனையை வழிநடத்தியுள்ளது. சில வேளைகளில் வழிதவறவும் செய்துள்ளது.

"தாவரங்கள் இலைத்துளைகளின் வழியாகச் சுவாசிக்கின்றன" என்னும் தொடர் பொது அறிவியல் நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. இதனை முற்றிலும் பிழை என்று தள்ள இயலாது. ஆனால் இத்தொடர் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை ஒரு வினையுள் அடக்கிவிடுகிறது. ஒளியின் துணையால் உணவு ஆக்குவதற்கு இலை கார்பன் டை ஆக்சைடை ஏற்பது ஒன்று. உயிரணுக்கள் உணவைச் சிதைத்து ஆற்றல் பெறுவதற்கு ஆக்சிஜனை ஏற்பது மற்றொன்று. இலையினுள் உள்ள நீர் ஆவியாகி வெளியேறுவது மூன்றாவது. மூன்றும் ஒரே திறப்பின் வழியே நிகழ்கின்றன. மூன்றையும் 'சுவாசம்' என்றால் மூன்றுமே விளங்காமற் போகின்றன. இக்குழப்பம் எங்ஙனம் தோன்றியது, எங்ஙனம் தெளிந்தது என்பதனையும், அவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவது யாது என்பதனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. முதற்காட்சி: தோல் என்னும் உவமை

இத்திறப்புகள் நுண்ணோக்கி தோன்றிய பின்னரே மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டன. இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி தாவர உள்ளமைப்புப் பற்றி எழுதிய இலத்தீன் நூல் 1675, 1679 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. அதில் இலைப் பரப்பின் திறப்புகள் இடம்பெற்றன. ஆனால் அவற்றின் பயன் துணியப்படவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் நெகெமையா குரூ என்னும் மருத்துவரும் தாவரங்களை ஆராய்ந்துவந்தார். 1682இல் வெளியான தம் நூலில் அவர் விலங்கின் தோலிலுள்ள துளைகளோடு இலைத் திறப்புகளை ஒப்பிட்டார். மிகையான சாறு ஆவியாக வெளியேறுவதற்கோ காற்று உட்புகுவதற்கோ அவை அமைந்திருக்கலாம் என்பது அவர் கருத்து.

இவ்விருவரும் மருத்துவர்கள் என்பது கருதத்தக்கது. அறிந்த உடலைக் கொண்டு அறியாத உடலை விளக்குவது அவர்கள் முறை. உவமை இங்கு அணியன்று, ஆய்வுக் கருவி. குரூ கூறிய இரு பயன்களும் பிற்காலத்தில் மெய்யாயின. ஆனால் அவர் 'அல்லது' என்று பிரித்துக் கூறியவை உண்மையில் ஒருங்கே நிகழ்பவை என்பது தெளிவாகப் பன்னெடுங்காலம் ஆயிற்று.

2. வியர்வை: ஹேல்சின் அளவைகள்

தோல் என்னும் உவமை அடுத்த நிலையில் வியர்வையைக் கொணர்ந்தது. இங்கிலாந்தின் டெடிங்டன் என்னும் ஊரில் சமயகுருவாக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்த்த சூரியகாந்திச் செடி ஒன்றைக் கொண்டு சோதனை செய்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதவாறு தொட்டியின் மேற்புறத்தை மெல்லிய ஈயத் தகட்டால் மூடிக் காலையும் மாலையும் எடையிட்டார். குறைந்த எடை முழுவதும் செடி வெளியிட்ட நீராவியின் எடையாகும். சம பருமனுக்குச் சம காலத்தில் ஒப்பிட்டால் அச்செடி மனிதனைக் காட்டிலும் 17 மடங்கு மிகுதியாக 'வியர்க்கிறது' என்று கணக்கிட்டு, 1727இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார்.

ஹேல்ஸ் ஆண்ட சொல் மனித வியர்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே. அதன் இலத்தீன் அடி 'ஸ்பிராரே'. மூச்சுவிடுதல் என்பது அதன் பொருள். 'பெர்' என்னும் முன்னொட்டோடு சேர்ந்து வியர்த்தலையும், 'டிரான்ஸ்' என்பதோடு சேர்ந்து நீராவி வெளியேறுதலையும், 'ரே' என்பதோடு சேர்ந்து சுவாசத்தையும் அவ்வடி குறிக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் தாவரவியல் கற்போர் பிற்காலத்தில் எதிர்கொண்ட குழப்பத்தின் ஒரு பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். வெவ்வேறு நிகழ்வுகளின் பெயர்களுள் ஒரே மூச்சு ஒளிந்திருந்தது.

வியர்வை என்னும் உவமை அளவிடுதலுக்கு வழிகாட்டியது. ஆனால் ஒன்றை மறைத்தது. வியர்வை சுரப்பியிலிருந்து நீராக வெளிப்பட்டுத் தோலின் மேல் ஆவியாகிறது. இலையிலோ நீர் உள்ளே ஈரமான அணுச் சுவர்களில் ஆவியாகி, ஆவியாகவே திறப்பைக் கடக்கிறது. மேலும், வியர்வை உடலைக் குளிர்விக்க வேண்டி வெளிவிடப்படுவது. இலையிலும் ஆவியாதலால் வெப்பம் தணிகிறது. வேரிலிருந்து நீரும் கனிமங்களும் மேலேறவும் அவ்விழுப்பு உதவுகிறது. ஆயினும் இவ்விழப்பின் பெரும்பகுதி, கார்பன் டை ஆக்சைடைப் பெறுவதற்காகச் செடி செலுத்தும் விலையே ஆகும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உட்செல்லும் நேரத்தில் நீர் மூலக்கூறுகள் பல நூறு வெளியேறுகின்றன.

3. மூச்சு: இல்லாத ஒரு சொல்

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காற்று பல வளிமங்களின் கலவை என்பது தெளியத் தொடங்கியது. 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றை ஒரு புதினாக் கொம்பு மீண்டும் எரிதலுக்கு உரியதாக்குவதைக் கண்டார். இதற்கு ஒளி இன்றியமையாதது என்பதையும், பச்சைப் பகுதிகளே இதனைச் செய்கின்றன என்பதையும் யான் இங்கன்ஹவுஸ் 1779இல் நிறுவினார். இருளில் தாவரங்களும் விலங்குகளைப் போலவே காற்றைக் கெடுக்கின்றன என்றும், அக்கேடு பகலில் விளையும் நன்மையோடு ஒப்பிடத் தகாத அளவு சிறிது என்றும் அவர் எழுதினார்.

இச்செய்திகளை எடையாலும் அளவாலும் உறுதிப்படுத்தியவர் ஜெனிவாவைச் சேர்ந்த நிக்கோலா தியோடோர் த சசூர். அவருடைய நூல் 1804இல் வெளிவந்தது. மொழியியலாளர்க்கு இப்பெயர் அயலன்று. இவர் ஃபெர்டினாண்டு த சசூரின் பாட்டனாருடைய உடன்பிறந்தார். தாவரத்தின் கார்பன் மண்ணிலிருந்தன்றிக் காற்றிலிருந்து வருகிறது என்பதையும், வளர்ச்சிக்கு ஆக்சிஜனும் தேவை என்பதையும் அவர் சோதனைகள் காட்டின.

உண்மைகள் கிடைத்தன, பெயர் கிடைக்கவில்லை. பகலில் நிகழும் வளிம மாற்றத்தையும் இரவில் நிகழும் வளிம மாற்றத்தையும் 'பகற் சுவாசம்', 'இராச் சுவாசம்' என்று வழங்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் நீடித்தது. இதனால் தாவரம் பகலில் ஒருவகையாகவும் இரவில் அதற்கு நேர்மாறாகவும் மூச்சுவிடுகிறது என்னும் எண்ணம் பரவியது. உண்மையில் சுவாசம் பகல் இரவு இரண்டிலும் இடையறாது நிகழ்வது. பகலில் உணவாக்கம் அதனை விஞ்சி நிற்பதால் வெளியே தோன்றுவதில்லை. இவ்வேறுபாட்டை ஜெர்மானியத் தாவரவியலார் யூலியுஸ் சாக்ஸ் முதலியோர் அந்நூற்றாண்டின் பிற்பாதியில் வற்புறுத்தினர்.

ஒளியால் உணவாக்கும் நிகழ்வுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று 1893இல் அமெரிக்கத் தாவரவியலார் சார்லஸ் பார்ன்ஸ் வாதிட்டார். அவர் ஆய்ந்த பெயர்கள் இரண்டு: 'ஃபோட்டோசிந்தசிஸ்', 'ஃபோட்டோசின்டாக்ஸ்'. அவர் விரும்பியது பின்னதையே. ஆனால் முன்னதே நிலைபெற்றது. மொழியியலார் தொடரியலைக் குறிக்க ஆளும் சொல் இவ்வாறு தாவரவியலுக்குச் செல்லாமல் நின்றது. தமிழில் 'ஒளிச்சேர்க்கை' என்றும் இலங்கைத் தமிழில் 'ஒளித்தொகுப்பு' என்றும் வழங்கும் சொற்கள் இப்பெயரின் வழிவந்தவை. இங்கன்ஹவுஸ் கண்ட உண்மைக்கு உரிய பெயர் கிடைக்க ஏறத்தாழ 114 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியை நிரப்பியது 'சுவாசம்' என்னும் சொல்லே. இன்றைய மயக்கம் அதன் எச்சம்.

4. வாயும் காவலும்: இயக்கத்தின் விளக்கம்

திறப்புக்கு வழங்கும் 'ஸ்டோமா' என்னும் பெயர் வாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 19ஆம் நூற்றாண்டில் அது அறிவியல் வழக்கில் வேரூன்றியது. திறப்பின் இருபுறமும் அமைந்த அணுக்கள் உதடுகளைப் போல் தோன்றுவதால் உவமை பொருந்தியது. ஆங்கிலம் அவ்வணுக்களைக் 'காவல்' என்னும் பொருளுடைய சொல்லால் குறித்தது. ஜெர்மன் மொழியோ வேறு வழி சென்றது. அம்மொழியில் திறப்பு 'பிளவுத் திறப்பு' என்றும், அணுக்கள் 'மூடும் அணுக்கள்' என்றும் பொருள்படும் சொற்களால் வழங்கப்படுகின்றன. முன்னது உருவகம், பின்னது தொழிற்பெயர்.

இவ்வணுக்களின் இயக்கத்தை விளக்குவதில் ஜெர்மன் மொழியினரின் பங்கு பெரிது. ஹூகோ ஃபான் மோல் 1856இல், அணுக்களின் உள்ளே நீரழுத்தம் கூடும்போது திறப்பு விரிவதையும் குறையும்போது சுருங்குவதையும் காட்டினார். சைமன் ஷ்வெண்டனர் 1881இல் இதன் பொறிமுறையை விளக்கினார். திறப்பை ஒட்டிய சுவர் தடித்தும் எதிர்ப்புறச் சுவர் மெலிந்தும் இருப்பதால், நீர் புகுந்து அணு பருக்கும்போது வெளிப்புறமாக வில்போல் வளைகிறது. இரு அணுக்களும் இவ்வாறு வளைய நடுவே இடைவெளி தோன்றுகிறது. பிற்கால ஆய்வுகள், சுவரிலுள்ள நுண்ணிழைகள் ஆரைபோல் அமைந்திருப்பதும் இவ்வளைவுக்குக் காரணம் என்று காட்டின. நெல் முதலிய புல்லினங்களில் அணுக்கள் இரு முனையும் பருத்து இடை சிறுத்த வடிவின. அங்கு முனைகள் பருத்து இடைப்பகுதிகளை விலக்குகின்றன.

இத்துணைச் சிறிய திறப்புகள் இலைக்கு எங்ஙனம் போதும் என்னும் ஐயத்தை ஹொரேஸ் பிரௌன், ஃபெர்குசன் எஸ்கோம்ப் ஆகிய இருவரும் 1900இல் நீக்கினர். சதுர மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 100 முதல் 300 வரை திறப்புகள் இருப்பினும், அவை முழுதும் திறந்த நிலையிலும் இலைப் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. ஆனால் நுண்துளையின் வழியே வளிமம் பரவும் அளவு துளையின் பரப்பையன்றி விட்டத்தையே சார்ந்துள்ளது. ஆகவே ஒரு பெரிய துளையைக் காட்டிலும் அதே பரப்புள்ள பல சிறு துளைகள் மிகுதியான வளிமத்தைக் கடத்துகின்றன.

திறப்பின் அளவை உயிருள்ள இலையிலேயே அறிவதற்கு ஃபிரான்சிஸ் டார்வின் முயன்றார். இவர் சார்லஸ் டார்வினின் மைந்தர். 1898இல் ஈரத்தால் வளையும் கொம்புச் சீவலைக் கருவியாகக் கொண்டும், 1911இல் டொரோதியா பெர்ட்சுடன் இணைந்து இலையினூடே காற்றைச் செலுத்தும் கருவி ஒன்றைக் கொண்டும் அவர் ஆய்வு செய்தார்.

அணுக்களுள் நீரை இழுப்பது யாது என்னும் கேள்வி எஞ்சியது. மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதே காரணம் என்று பலர் நெடுங்காலம் கருதினர். ஜப்பானில் இமாமுரா 1943இல் பொட்டாசியத்தின் பங்கைச் சுட்டினார். ஃபுஜினோவின் ஆய்வுகளும் 1968இல் ஃபிஷர் வெளியிட்ட ஆய்வும் அதனை உறுதிப்படுத்தின. ஒளி படும்போது பொட்டாசியம் அயனிகள் காப்பணுக்களுள் திரள்கின்றன. நீர் அவற்றைத் தொடர்கிறது. வறட்சியில் செடியுள் பெருகும் அப்சிசிக் அமிலம் என்னும் வளர்பொருள் திறப்பை மூடுகிறது என்பது 1969இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது. இங்ஙனம் செடி வாடாமல் இருப்பதும் பட்டினியின்றி இருப்பதும் இவ்விரு அணுக்களின் இடைவிடாத ஒழுங்குபாட்டைப் பொறுத்துள்ளன.

செடியின் நலத்தோடு இத்திறப்புக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. கோதுமையின் துருநோய்ப் பூஞ்சை இத்திறப்புகளின் வழியே உட்புகுகிறது என்னும் கருத்தை ஜோசப் பேங்க்ஸ் 1805இல் வெளியிட்டார். நோய்க் கிருமிகளுக்கு இது திறந்த வழி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் திருத்தியது. பாக்டீரியா நெருங்குவதைக் காப்பணுக்கள் உணர்ந்து திறப்பை மூடுகின்றன; சில பாக்டீரியாக்கள் தனி நச்சுப்பொருள் ஒன்றைச் சுரந்து அதனை மீண்டும் திறக்கச் செய்கின்றன. உருவகமாக இடப்பட்ட 'காவல்' என்னும் பெயர் பின்னர் நேர்ப்பொருளாயிற்று. பெயரிட்டோர் அறியாத உண்மையைப் பெயர் தாங்கி நின்றமைக்கு இஃது ஓர் அரிய சான்று.

5. இந்திய மொழிகளின் ஆக்கங்கள்

இந்திய மொழிகள் இப்பொருளைப் பெயரிட்ட முறைகள் ஒப்பிட்டு நோக்கத்தக்கன. இந்தி 'ரந்த்ர' என்னும் வடசொல்லை ஏற்றது. துளை என்பது பொருள். தெலுங்கும் கன்னடமும் அதனோடு இலையைச் சேர்த்துப் 'பத்ரரந்த்ர' என்னும் தொகையை ஆக்கின. தமிழின் 'இலைத்துளை' அமைப்பில் இதற்கு நிகரானது. மலையாளம் 'ஆஸ்யரந்த்ரம்' என்கிறது. ஆஸ்யம் என்பது வாய். ஆகவே கிரேக்க உருவகமும் துளை என்னும் நேர்ப்பொருளும் ஒரே தொகையில் இணைந்தன. காப்பணுவை இந்தி 'துவார கோசிகா', அதாவது வாயிலணு, என்றும் வழங்குகிறது.

'துளை' என்னும் சொல் எளிது, மயக்கமற்றது. ஆனால் அது ஒரு பொருளில் இடப்பட்ட நிலையான வெறுமையைச் சுட்டுவது. குழலின் துளையைப் புறத்திருந்து விரல் மூடுமேயன்றி அது தானே மூடிக்கொள்வதில்லை. ஆகவே திறந்து மூடும் இயல்பு இச்சொல்லில் வெளிப்படவில்லை. 'இலைவாய்' கிரேக்கத்தின் நேர் மொழிபெயர்ப்புப் போலத் தோன்றினும் தமிழில் அதன் நிலை வேறு. தமிழில் வாய் உண்ணும் உறுப்பை மட்டுமன்றி இடத்தையும் வழியையும் திறப்பையும் குறிப்பது. குடத்தின் வாய், சாக்கின் வாய், மடைவாய் என்பன உருவகம் என்று உணரப்படாமலே வழங்குவன. 'இல்வாய்' என்பது 'வாயில்' என மாறி நின்றதனை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி மாணவரும் கற்கின்றனர். ஆகவே 'இலைவாய்' தமிழ் காதில் உடலுறுப்பை விட வாயிலையே மிகுதியும் நினைவூட்டக்கூடும். அது பொருளுக்கு ஏற்றதும் ஆகும்.

நீராவி வெளியேறும் நிகழ்வுக்கு இதற்கு எதிரான நிலை காணப்படுகிறது. தமிழகச் சொல்லாகிய 'நீராவிப்போக்கு' நிகழ்வை உள்ளவாறு கூறுகிறது. இலங்கைச் சொல்லாகிய 'ஆவியுயிர்ப்பு' ஐரோப்பியச் சொல்லினுள் இருந்த மூச்சைப் பேணுகிறது. ஆவி என்பது தமிழில் நீராவியையும் மூச்சையும் உயிரையும் குறிக்கும். உயிர்ப்பு என்பதும் மூச்சே. சொல்லாக்கத் திறனில் இதற்கு இணை காண்டல் அரிது. ஆனால் கற்கும் மாணவர் இதனைச் சுவாசத்தின் ஒரு வகை என்று கொள்ள வாய்ப்புண்டு. ஓர் ஆக்கத்தின் அழகும் அதன் தெளிவும் எப்போதும் ஒருங்கு செல்வதில்லை என்பதற்கு இச்சொல்லிணை தக்க சான்று.

மூலச்சொல்லை அப்படியே ஆளும் வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஸ்டோமா' ஒருமை, 'ஸ்டோமேட்டா' பன்மை. 'ஸ்டோமேட்டாக்கள்' என்று எழுதுவது பன்மைமேற் பன்மையாகும். மேலும் அறுவை மருத்துவத்தில் 'ஸ்டோமா' என்பது வயிற்றுச் சுவரில் இடப்படும் செயற்கைத் திறப்பைக் குறிக்கும். துறையறியாது மொழிபெயர்த்தால் இலைத்துளை நோயாளியின் வயிற்றில் தோன்றிவிடும்.

6. மொழிபெயர்ப்பில் மூச்சு

'மூச்சு' என்னும் உவமை எங்கெங்குத் தவறுகிறது என்பதை வரையறுத்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்தரும். முதலாவது, விலங்கு மூச்சை மாறிமாறி வாங்கி விடுகிறது. இலையில் அத்தகைய மாற்று இல்லை. கார்பன் டை ஆக்சைடு உட்செல்லும் அதே நொடியில் ஆக்சிஜனும் நீராவியும் வெளியேறுகின்றன. ஒவ்வொன்றும் தான் செறிந்த இடத்திலிருந்து குறைந்த இடம் நோக்கிப் பரவுகிறது. இரண்டாவது, சுவாசம் இலைக்கு மட்டும் உரியதன்று. வேரும் சுவாசிக்கிறது, அதற்கு இலைத்துளை இல்லை. நீர் தேங்கிய நிலத்தில் மிளகாய்ச் செடி வாடுவதற்குக் காரணம் வேருக்கு ஆக்சிஜன் கிட்டாமையே. மூன்றாவது, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி போன்றவை இரவில் திறப்பை விரித்துக் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுச் சேமித்து, பகலில் மூடிய நிலையில் உணவாக்குகின்றன. பகற்சுவாசம், இராச்சுவாசம் என்னும் பழைய பாகுபாடு இங்கு முற்றிலும் சிதைகிறது.

இம்மயக்கத்தின் விளைவு ஏட்டோடு நிற்பதன்று. இரவில் மரத்தடியில் உறங்கலாகாது என்னும் நம்பிக்கைக்கு, மரம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடே காரணம் என்று அறிவியல் விளக்கம் தருவது வகுப்பறைகளில் வழக்கம். திறந்தவெளியில் காற்று கலந்துகொண்டே இருப்பதால் அவ்வளவால் தீங்கில்லை. தீங்கு சிறிது என்று 1779இலேயே கூறப்பட்டது; சொல் அதனை மறைத்துவிட்டது.

ஆகவே மூலத்தில் மூச்சைக் குறிக்கும் சொல் வரும் இடங்களில், அங்கு எந்த வளிமம் எத்திசையில் செல்கிறது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். உணவாக்கம் கருதப்பட்டால் ஒளிச்சேர்க்கை. ஆற்றல் பெறுதல் கருதப்பட்டால் சுவாசம். நீரிழப்புக் கருதப்பட்டால் நீராவிப்போக்கு. மூன்றும் ஒருங்கே கருதப்பட்டால் 'வளிமப் பரிமாற்றம்' என்பது பொருந்தும். சிறுவர் நூல்களில் உவமையை விலக்க வேண்டியதில்லை. "இலை மூச்சுவிடுவது போல" என உவம உருபை விரித்து எழுதினால் போதும். உருபு தொக்கு நிற்கும்போது உவமை உண்மையாகக் கொள்ளப்படுகிறது.

7. முடிவுரை

இலைத்துளையின் வரலாற்றில் தோல், வியர்வை, மூச்சு, வாய், காவல் என்னும் ஐந்து உவமைகள் அடுத்தடுத்துப் பயின்றன. வியர்வை அளவீட்டைத் தந்தது. மூச்சு வளிமங்களின்பால் கருத்தைச் செலுத்தியது. காவல் பின்னர் மெய்யாயிற்று. இடரெல்லாம் உவமை தன் பணி முடித்த பின்னும் பெயராக நிலைத்தமையால் விளைந்தது.

இவ்வாய்வு முடிந்துவிட்டதும் அன்று. உலர்தாவரத் தொகுப்புகளில் பேணப்பட்ட இலைகளை ஆராய்ந்த இயன் வுட்வர்டு, காற்றில் கார்பன் டை ஆக்சைடு பெருகிய ஏறத்தாழ 200 ஆண்டுகளில் அவ்விலைகளில் துளைகளின் செறிவு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 1987இல் அறிவித்தார். வறட்சி தாங்கும் பயிர்களை உருவாக்குவோரும் இன்று இத்துளைகளின் எண்ணிக்கையையே மாற்ற முயல்கின்றனர். பருவநிலை மாற்றம் பற்றியும் வேளாண்மை பற்றியும் வெளிவரும் நூல்களில் இச்சொல் இனி மிகுதியும் பயிலும். அவற்றைத் தமிழில் தருவோர், துளை என்றோ வாய் என்றோ எதனைத் தேர்ந்தாலும், நூல் முழுவதும் அதனையே ஆளுதலும், 'சுவாசம்' என்னும் சொல்லை அதற்குரிய பொருளில் மட்டும் நிறுத்துதலும் வேண்டும். நீரைச் சிக்கனமாக ஆளும் உழவரும் அறிவியல் பயிலும் மாணவரும் படிக்கும் நூலில், செடி எதனைப் பெறுகிறது, எதனை இழக்கிறது என்பது ஐயமின்றி விளங்குதல் இன்றியமையாதது.